திரும்பிச் சென்ற காணியில் கிணறு: வாளி போடுமுன் அறிய வேண்டியவை

பல ஆண்டுகள் முகாமிலும் உறவினர் வீட்டிலும் வாடகை வளவிலும் காலம் தள்ளிய குடும்பம் ஒன்று சொந்தக் காணிக்குத் திரும்பும்போது, முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். வீடு இடிந்து கிடக்கலாம், வேலி இல்லாமல் போயிருக்கலாம். கிணற்றில் தண்ணீர் தெரிந்தால் மனம் ஆறுதல் அடைகிறது. வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட காணி ஒன்றுக்கு நாம் சென்றிருந்தபோது, வயதான தாயார் ஒருவர் கிணற்றுக் கட்டைத் தடவியபடி சொன்னார்: "இது என்ர மாமனார் வெட்டின கிணறு. ஊரிலேயே இதுதான் நல்ல தண்ணி. இதுக்கு என்ன சோதனை?"

அவர் சொன்னது பொய்யல்ல. 1990இல் அது ஊரிலேயே நல்ல தண்ணீராக இருந்திருக்கும். ஆனால் அன்று அந்தக் கிணற்றைச் சூழ இருந்தவை வேறு, இன்று இருப்பவை வேறு. கிணற்றுத் தண்ணீர் கிணற்றுக்குள்ளே பிறப்பதில்லை. சுற்றியுள்ள நிலம் முழுவதும் குடித்த மழையே ஊறிக் கிணற்றுக்கு வருகிறது. ஆகவே கிணற்றை அறிய வேண்டுமானால் காணியை அறிய வேண்டும். காணிக்கு வெளியே அயலையும் அறிய வேண்டும். இக்கட்டுரையில், பெரிய கருவிகள் இல்லாமல் ஒரு குடும்பம் தானாகவே செய்யக்கூடியவற்றையும், எவ்விடத்தில் பிறர் உதவியை நாட வேண்டும் என்பதையும் படிப்படியாகச் சொல்ல முயல்கிறோம்.

முதலில் உயிர்

நெடுங்காலம் பாவனையில் இல்லாத கிணற்றில் எவரும் உடனே இறங்கக் கூடாது. இதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, கைவிடப்பட்ட கிணறுகளுக்குள் வெடிபொருட்கள் வீசப்பட்டிருக்கலாம். காணியில் கண்ணிவெடி அகற்றப்பட்டு விட்டது என்று சொல்லப்பட்டாலும், கிணற்றின் அடியும் பார்க்கப்பட்டதா என்று கேட்டு அறியுங்கள். உலோகப் பொருளோ சந்தேகமான பெட்டியோ தென்பட்டால் தொடாமலும் கொக்கி போட்டு இழுக்காமலும் விலகி வந்து, கிராம அலுவலருக்கும் பொலிசாருக்கும் அறிவியுங்கள். பிள்ளைகளை அப்பக்கம் விடாதீர்கள்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத வாயு. இலை குழை அழுகிய ஆழக் கிணற்றின் அடியில் மூச்சுக்கு வேண்டிய காற்று குறைந்து, கரியமில வாயு தேங்கியிருக்கும். எரியும் விளக்கை வாளியில் வைத்து மெதுவாக இறக்கிப் பார்ப்பது எமது முன்னோர் கைக்கொண்ட வழி. விளக்கு அணைந்தால் மனிதன் இறங்கக் கூடாது. அணையாவிட்டாலும் ஆபத்தே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். இலைக் கொப்புகளைக் கட்டி மேலும் கீழும் பலமுறை இழுத்துக் காற்றைக் கலக்கிய பின், இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் நிற்க இறங்குவதே முறை. மண்ணெண்ணெய் அல்லது பெற்றோலில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்து இயக்குவது மிகப் பெரிய தவறு. அதன் புகையில் உள்ள நஞ்சு வாயு மணமற்றது; மனிதனை மயக்கிக் கொல்லும். மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் இறந்த துயரச் செய்திகள் எமக்குப் புதியன அல்ல.

காணியின் கீழே என்ன இருக்கிறது?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். செம்பாட்டு மண் சில இடங்களில் ஆழமாகவும், கலட்டிப் பகுதிகளில் அங்குல அளவிலும் அதை மூடியிருக்கிறது. சுண்ணாம்புக்கல் மழைநீரில் மெல்லக் கரையும். அதனால் அதற்குள் வெடிப்புகளும் துவாரங்களும் குகைகளும் உண்டாகியுள்ளன. மழைநீர் விரைவாக உள்ளே இறங்குவதும், கீரிமலையில் நன்னீர் கடலோரத்தில் ஊற்றெடுப்பதும் இதனாலேயே. தண்ணீர் விரைவாகப் போகும் வழியால் அழுக்கும் விரைவாகப் போகும் என்பதை மறக்கக் கூடாது. மணல் ஒரு வடி. வெடித்த கல்லோ ஒரு குழாய்.

இந்த நன்னீர், கீழே உள்ள உவர்நீரின் மேல் மிதக்கிறது. கறிச்சட்டியில் எண்ணெய் மிதப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். கடல்நீர் நன்னீரை விடச் சிறிதளவே பாரமானது. 40 அடிக் கடல்நீரின் பாரமும் 41 அடி நன்னீரின் பாரமும் ஏறக்குறையச் சமன். ஆகவே கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இக்கணக்கு மறுபுறமும் செல்லும். அளவுக்கு மீறி இறைத்து மேல்மட்டம் 1 அடி நிரந்தரமாகத் தாழ்ந்தால், கீழேயிருந்து உவர் 40 அடி மேலேறப் பார்க்கும். புத்தூருக்கு அண்மையில் உள்ள நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீராகவும் ஆழநீர் உவராகவும் இருப்பது இதற்குக் கண்கண்ட சாட்சி.

ஆகையால் "ஆழத் துளைத்தால் நல்ல தண்ணீர் வரும்" என்ற எண்ணம் குடாநாட்டிலும் தீவுகளிலும் பொருந்தாது. அங்கே ஆழம் என்பது உவருக்கு அண்மை. குழாய்க்கிணறு அடித்துத் தருவதாக எவரேனும் வந்தால், அயலில் எத்தனை அடியில் உவர் தட்டியது என்று விசாரிக்காமல் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

வன்னிப் பெருநிலம் வேறு விதம். அங்கு பெரும்பாலான இடங்களில் அடியில் கடும் பாறை. அதன் மேல் உக்கிய படையிலும் பாறை வெடிப்புகளிலுமே தண்ணீர் நிற்கும். குளத்துக்குக் கீழே உள்ள கிணறுகள் குளத்தை நம்பியே ஊறுகின்றன. குளம் வற்றக் கிணறும் வற்றும். அங்கே கடல் உவரை விட, பாறையில் இருந்து கரையும் புளோரைட்டே கவனிக்க வேண்டியது. பிள்ளைகளின் பற்களில் மாறாத வெண்புள்ளிகளோ மண்ணிறக் கறைகளோ பலருக்குக் காணப்பட்டால், அவ்வூர்த் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். கொதிக்க வைப்பதால் புளோரைட் நீங்காது.

ஆழத்தை அளத்தல்

இதற்கு வேண்டியவை ஒரு நீளக் கயிறு, ஒரு கல், ஒரு கொப்பி. கயிற்றில் அடிக்கொரு முடிச்சுப் போடுங்கள். விடிய, எவரும் தண்ணீர் அள்ளுமுன், கிணற்றுக் கட்டின் ஒரே அடையாளத்தில் இருந்து கயிற்றை இறக்குங்கள். கல் தண்ணீரைத் தொடும் இடம் ஓர் அளவு. அடியைத் தொடும் இடம் மற்றோர் அளவு. முதல் அளவில் கட்டின் உயரத்தைக் கழித்தால் நிலத்தில் இருந்து நீர்மட்டம் எவ்வளவு ஆழம் என்பது வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கிணற்றில் நிற்கும் தண்ணீர்.

ஒரு நாள் அளவு போதாது. மாதம் ஒரு முறை எழுதுங்கள். எமது பகுதியில் மாரி மழைக்குப் பின் மார்கழி, தை மாதங்களில் நீர்மட்டம் உயர்ந்தும், ஆவணி, புரட்டாதியில் தாழ்ந்தும் நிற்கும். இவ்விரு அளவுகளும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் தருகின்றன. கோடை அளவு, பயிருக்கும் வீட்டுக்கும் தண்ணீர் காணுமா என்று சொல்லும். மாரி அளவு, மலசலகூடக் குழியை எவ்வளவு ஆழத்துக்கு வெட்டலாம் என்று சொல்லும். பலர் கோடையில் குழி வெட்டி, "தண்ணீர் தட்டவில்லை" என்று நிம்மதி அடைகிறார்கள். மாரியில் அதே குழிக்குள் நிலத்தடி நீர் ஏறி நிற்பதை எவரும் பார்ப்பதில்லை.

தண்ணீர் எப்பக்கம் ஓடுகிறது என்பதையும் ஓரளவு அறியலாம். மேசன்மார் மட்டம் பார்க்கப் பாவிக்கும், தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாயைக் கொண்டு, உங்கள் கிணற்றுக்கும் அயலில் உள்ள இரண்டு கிணறுகளுக்கும் ஒரே மட்டத்தில் கோடு போடுங்கள். மூன்று கிணறுகளும் ஒரே நேர்கோட்டில் இராமல் முக்கோணமாக இருப்பது நல்லது. ஒரே காலையில் மூன்றிலும் அக்கோட்டில் இருந்து நீர்மட்டம் வரை அளவுங்கள். உதாரணமாக, கிழக்குக் கிணற்றில் 18 அடி 1 அங்குலம், உங்கள் கிணற்றில் 18 அடி 4 அங்குலம், தென்மேற்குக் கிணற்றில் 18 அடி 8 அங்குலம் என்றால், கிழக்கில்தான் நீர்மட்டம் உயரம். தண்ணீர் அங்கிருந்து தென்மேற்குப் பக்கமாகச் செல்கிறது. மலசலகூடம் கிணற்றுக்குத் தென்மேற்கே இருப்பது நல்லது. ஆனால் சுண்ணாம்புக்கல்லில் தண்ணீர் வெடிப்பின் வழியே தன் விருப்பப்படி போகும். தோட்டத்தில் இயந்திரம் இறைக்கும்போது திசையே மாறவும் கூடும். எனவே திசையை ஒரு துணையாகக் கொள்ளுங்கள், தூரத்தைக் கைவிடாதீர்கள்.

மலசலகூடமும் கிணறும்

கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 50 அடியாவது இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆழ்ந்த மண் உள்ள இடத்துக்கு இது பொருந்தும். வெடித்த சுண்ணாம்புக்கல் மேலே தெரியும் கலட்டிக் காணியில் 100 அடி இருந்தாலும் அதிகமல்ல. குழியின் அடிக்கும் மாரிகால நீர்மட்டத்துக்கும் இடையில் குறைந்தது 5 அடி உலர்ந்த மண் இருக்க வேண்டும்.

இங்கேதான் மீளக்குடியேறும் குடும்பங்களின் உண்மையான நெருக்கடி இருக்கிறது. முன்னர் 8 பரப்பு, 10 பரப்பு வளவில் இருந்தவர்கள், இன்று பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்த பின் 2 பரப்பில் வீடு கட்டுகிறார்கள். வீடமைப்புத் திட்டம் வீட்டையும் மலசலகூடத்தையும் தருகிறது. காணியின் ஒரு மூலையில் குழி. வேலிக்கு அப்பால் அயலவரின் கிணறு. இவர் தம் கிணற்றுக்குத் தூரமாக வைத்த குழி, அவருக்கு 20 அடியில் வந்து விடுகிறது. தண்ணீருக்கு வேலி தெரியாது. ஆகவே அத்திவாரம் வெட்டுமுன் நான்கு பக்க அயலவரும் கூடி, எல்லாக் கிணறுகளையும் எல்லாக் குழிகளையும் ஒரே தாளில் கீறிப் பாருங்கள். இந்த ஒரு மணி நேர வேலை, பின்னாளில் இருபது வருடப் பகையைத் தவிர்க்கும்.

தூரம் காணாத இடத்தில் என்ன செய்வது? அடியும் பக்கமும் சீமெந்தால் அடைத்த தொட்டி கட்டி, நிரம்பும்போது பிரதேச சபை வண்டியால் எடுப்பிக்கலாம். அல்லது இரண்டு மூன்று குடும்பங்கள் குடிநீருக்கு ஒரே கிணற்றைத் தெரிந்து, அதைச் சுற்றி எவரும் குழி வெட்டுவதில்லை என்று உடன்படலாம். எமது உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் பங்கும் எழுதப்படுவது புதிதல்ல. பங்குக் கிணற்றைக் காக்கும் பொறுப்பும் பங்குதான் என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. உறுதி தொலைந்த குடும்பங்கள் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கும்போது இப்பங்கு எழுதப்பட்டுள்ளதா என்றும் பார்க்கவும்.

கண்ணுக்குத் தெரியாத உரம்

வெங்காயம், புகையிலை, மிளகாய்த் தோட்டங்களுக்கு இடும் யூரியாவில் பயிர் எடுத்தது போக மிகுதி, பாய்ச்சும் தண்ணீரோடு கீழே இறங்கி நைத்திரேற்றாக நீரில் கலக்கிறது. மலக்குழிகளில் இருந்தும் இதுவே வருகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. எமது நாட்டின் நியமமும் அதுவே. வலிகாமத்தின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இதை மிஞ்சிய அளவு ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது.

இதற்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. தாய்மார் இதை விசேடமாகக் கவனிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இத்தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து, குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம். இது உயிராபத்து. "கொதித்தாறிய தண்ணீர்தானே" என்பது இங்கே காப்பாற்றாது. கொதிக்கும்போது தண்ணீர் ஆவியாகிறது, நைத்திரேற்று மிஞ்சுகிறது. அதன் செறிவு கூடுகிறதே அன்றிக் குறைவதில்லை. குழந்தைக்குத் தாய்ப்பாலே காப்பு. தோட்டக்காரர் உரத்தைப் பல தடவையாகப் பிரித்து இடுவதும், இட்ட உடனே வெள்ளமாகப் பாய்ச்சாமல் விடுவதும் கிணற்றுக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது.

எண்ணெய், உவர், கல்நீர்

2013ஆம் ஆண்டு தொடங்கிச் சுன்னாகம் சூழலில் கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக எழுந்த முறைப்பாடுகளை நாம் எல்லோரும் அறிவோம். அனல் மின் நிலையக் கழிவெண்ணெய் பற்றிய அவ்வழக்கில் 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தக் கட்டளையிட்டது. மக்கள் கிணற்றைக் கவனித்து விடாமல் முறையிட்டதால் வந்த தீர்ப்பு அது.

கிணற்றில் வானவில் போல மினுங்கும் படலம் தெரிந்தால் உடனே பயப்படவும் வேண்டாம், அலட்சியமாக விடவும் வேண்டாம். ஒரு தடியால் படலத்தைக் கிழியுங்கள். உடைந்த ஓடு போலத் துண்டு துண்டாகப் பிரிந்து நின்றால், அது பெரும்பாலும் இரும்புச் சத்தில் வளரும் கிருமிப் படலம். கிழித்த இடம் மீண்டும் ஒழுகிக் கூடினால், அது எண்ணெயாக இருக்கலாம். அத்துடன் மணமும் இருந்தால் குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்திப் பரிசோதனைக்குக் கொடுங்கள். உங்கள் சொந்த இயந்திரத்தின் கசிவா என்றும் பாருங்கள்.

சவர்க்காரம் நுரைக்காததும், கேத்தலில் வெள்ளைப் படிவு கட்டுவதும் உவரல்ல. அது சுண்ணாம்புக் கல்நீர். உவர் நாக்கில் தெரியும், பயிரில் அதற்கு முன்னரே தெரியும். வெங்காயமும் மிளகாயும் உவரைத் தாங்கா; இலை நுனி கருகத் தொடங்கினால் இறைப்பைக் குறையுங்கள்.

சுத்தம் செய்தல்

கடலுக்கு அண்மையான கிணற்றை இயந்திரம் பூட்டி அடி காணும்வரை இறைக்க வேண்டாம். 2004 மார்கழிச் சுனாமிக்குப் பின் கிழக்குக் கரையில் உவரான கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். அதனால் உவர் விரைவில் நீங்கவில்லை. சில இடங்களில் கீழ் உவரும் மேலே ஏறியது. பெருமளவில் நன்மை செய்தது தொடர்ந்து வந்த மழையே. ஆகவே அழுக்கை அள்ளி, மெதுவாக இறைத்து, ஊற விட்டு, மீண்டும் இறையுங்கள்.

அதன் பின் குளோரின் தூள் இடலாம். வட்டக் கிணற்றின் விட்டம் 10 அடி, தண்ணீர் 8 அடி என்றால்: 10 × 10 × 8 × 0.785 = 628 கன அடி. கன அடிக்கு 28.3 லீற்றர் வீதம் ஏறக்குறைய 17,800 லீற்றர். 30 வீதக் குளோரின் உள்ள புதிய தூள் 1,000 லீற்றருக்குச் சுமார் 67 கிராம் வேண்டும்; இக்கிணற்றுக்கு 1.2 கிலோ. பிளாஸ்ரிக் வாளியில் கரைத்து, தெளிந்த நீரை ஊற்றி, வாளியால் கலக்கி, ஒரு நாள் விடுங்கள். மணம் நீங்கும்வரை இறைத்த பின் பாவியுங்கள். இது கிருமியைக் கொல்லும். நைத்திரேற்றையும் எண்ணெயையும் உவரையும் நீக்காது. அருகில் மலக்குழி இருந்தால் கிருமி திரும்பவும் வரும். ஆகவே குடிநீரைக் கொதிக்க வைக்கும் வழக்கத்தை விட வேண்டாம்.

எங்கே கேட்பது?

உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலில் கேளுங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்திலும் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் தரும் போத்தலையே பாவித்து, குளிர்ச்சியாக, அன்றே சேர்ப்பிக்க வேண்டும். எது பார்க்க வேண்டும் என்று கேட்டால் கிருமி, நைத்திரேற்று, உவர்த்தன்மை என்று சொல்லுங்கள். வன்னியில் புளோரைட்டையும் சேருங்கள். செலவு பாரமானால் அயலவர் சேர்ந்து, தோட்டத்துக்கும் குழிக்கும் மிக அண்மையான கிணற்றை முதலில் சோதிப்பிக்கலாம். அது நல்லதானால் மற்றவற்றுக்கும் ஓரளவு நம்பிக்கை உண்டு.

முடிவு பாதகமாக வந்தாலும் காணியைக் கைவிட வேண்டியதில்லை. 500 சதுர அடிக் கூரையில் 1 அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 1,180 லீற்றர் விழுகிறது. முதல் மழையை விட்டு, அடுத்ததைத் தொட்டியில் பிடித்தால் குடிநீருக்கும் குழந்தைக்கும் ஆகும். கிணற்றைக் குளிப்புக்கும் பயிருக்கும் வைக்கலாம்.

நாம் முதலில் குறிப்பிட்ட தாயாரின் கிணற்றையும் சோதித்தோம். கிருமி இருந்தது, நைத்திரேற்று வரையறைக்குள் இருந்தது. மகன் மலசலகூடத்துக்குக் கல் அடுக்கியிருந்த இடம் கிணற்றில் இருந்து 35 அடி. கல்லைத் தூக்கி வளவின் மறுகோடிக்கு மாற்றினார்கள். அதற்காக ஒரு முருங்கை தறிக்கப்பட்டது. தாயாருக்கு அதில் கவலைதான். "முருங்கை இன்னொண்டு நடலாம். கிணறு இன்னொண்டு வெட்ட மாமனார் இல்லை" என்று அவரே சொல்லிக் கொண்டார்.